புரட்டாசிக் கொல்லை: அந்தமான் வீட்டுத் தோட்டங்களின் கதை

சங்க மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று நம் செயலாளர் கடைக்கு வந்து கேட்டபோது, "சிறைச்சாலையைப் பற்றி இல்லாமல் ஒன்று எழுதட்டுமா?" என்றேன். அவர் சிரித்தார். பழைய மலர்களை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். செல்லுலார் சிறை இருக்கும், நேதாஜி ஏற்றிய கொடி இருக்கும், கப்பலில் வந்த கதை இருக்கும். எல்லாம் வேண்டியதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் நான் மளிகைக் கடைக்காரன். எனக்கு வரலாறு என்றால் முதலில் தோன்றுகிற கேள்வி ஒன்றுதான்: இத்தனை பேரும் என்ன சாப்பிட்டார்கள்? அரிசியும் பருப்பும் கப்பலில் வந்தன என்று ஏடுகளில் இருக்கிறது. கறிக்கு என்ன செய்தார்கள்? அதைத் தேடிப்போனால் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கொல்லைக்குத்தான் போய்ச் சேர வேண்டியிருக்கிறது.

என்னைப் பற்றி இரண்டு வரி. வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பம். எங்கள் ஆட்கள் பரம்பரையாக உழுது பிழைத்தவர்கள். 1979இல் மாமாவின் கடைக்கு ஒத்தாசையாக இருக்கச் சொல்லி என்னைக் கப்பலேற்றினார்கள். அபர்தீன் பஜாரில் கடை, ஜங்லிகாட்டில் வீடு. படிப்பு பள்ளியிறுதியோடு சரி. மற்றதெல்லாம் கடை மூடிய பிறகு படித்தது. ஆகவே அறிஞர் பெருமக்கள் குற்றம் கண்டால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் பருவத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் பெரியோர் ஆண்டை ஆறு பொழுதாகப் பிரித்தார்கள். ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். கார் முடிந்து கூதிர் தொடங்குகிற அந்த மூலையில்தான் அந்தமான் கொல்லையின் அறுவடையும் சுத்தமும் நடக்கிறது. எங்கள் ஊரில் புரட்டாசி என்றால் வடகிழக்கு மழையை எதிர்பார்த்து வானத்தைப் பார்க்கிற மாதம். இங்கே கதை வேறு. மே மாத நடுவிலேயே தென்மேற்குப் பருவக்காற்று இந்தியாவில் முதன்முதலாக நம் தீவுகளைத்தான் தொடுகிறது. அது ஓய்வதற்குள் வடகிழக்கு வந்துவிடும். ஆண்டுக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை, சென்னையைப் போல இரண்டு பங்குக்கு மேல். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது இங்கே செல்லாது. ஆடியில் விதைத்தால் விதை அழுகும். சித்திரைக் கடைசியில் முதல் தூறலுக்கு ஊன்ற வேண்டும். பந்தலில் ஏறுகிற புடலை, பீர்க்கு, பாகல், சுரை ஆடி ஆவணியில் காய்க்கும். புரட்டாசி வரும்போது கொடி பழுத்துப்போயிருக்கும். இடையில் ஏழெட்டு நாள் வெயில் காட்டும் பாருங்கள், அந்த ஏழெட்டு நாளில் அறுத்து, உரித்து, அள்ளி, வாய்க்கால் வெட்டி முடித்துவிட வேண்டும். அதற்குமேல் ஐப்பசி கார்த்திகைப் புயல் காத்திருக்காது.

இதே மாதங்களில்தான் கடலும் கொந்தளிக்கும், கப்பல் தள்ளிப்போகும், கடைத்தெருவில் காய்க்குத் தங்க விலை வரும். எனவே மழைக்காலக் கொல்லை இங்கே பொழுதுபோக்காக இருந்ததில்லை.

ஆங்கிலேயர் இங்கே முதலில் குடியேற்றம் வைத்தது 1789இல், ஆர்ச்சிபால்ட் பிளேர் சாதாம் தீவில் வைத்தது. 1792இல் அதை வட அந்தமானுக்கு மாற்றினார்கள். நோய் தாங்காமல் 1796இல் எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் போனார்கள். காடு வெட்டிய இடத்தைக் காடே திரும்ப மூடிக்கொண்டது. பிறகு 1857 கிளர்ச்சி. அதன் கைதிகளை அடைக்க இடம் தேடி, 1858 மார்ச் 10ஆம் தேதி டாக்டர் ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர் 200 கைதிகளோடு வந்து இறங்கினார். சாதாமில் போதிய தண்ணீர் கிடைக்கவில்லை. ராஸ் தீவுக்கு நகர்ந்தார்கள். அந்தக் கைதிகளின் முதல் வேலை காடு வெட்டுவது. வெட்டிய காடு யாருடையது என்று அப்போது யாரும் கேட்கவில்லை. அது பெரிய அந்தமானியரின் கிழங்குக் காடு, தேன் காடு, பன்றிக் காடு. அவர்கள் விதைத்து அறுத்தவர்கள் அல்லர். காடே அவர்களுடைய கொல்லை. 1859 மே மாதம் அவர்கள் அம்பும் வில்லுமாக வந்து அபர்தீனில் மோதினார்கள், தோற்றார்கள். அன்று சில ஆயிரம் பேர் இருந்தவர்கள் இன்று சில பத்துப் பேர். நான் என் கடையைத் திறக்கிற இடம் அந்த அபர்தீன்தான். ஒவ்வொரு வீட்டுக் கொல்லைக்கும் அடியில் இந்தக் கணக்கு ஒன்று தீர்க்கப்படாமல் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் மேலே எழுத எனக்கு மனம் வரவில்லை.

கைதிகளில் சென்னை மாகாணத்தவரும் இருந்தார்கள். ஆயுள் கைதி ஒழுங்காகப் பத்தாண்டு உழைத்தால் அவனுக்குச் சீட்டு ஒன்று கொடுத்தார்கள். அதற்குப்பின் அவன் அரசாங்கச் சோற்றை எதிர்பார்க்காமல் சொந்தமாகப் பயிர் செய்து பிழைக்கலாம். கைதிப் பெண்ணை மணந்துகொள்ளலாம், இல்லை ஊரிலிருந்து மனைவி மக்களை வரவழைத்துக்கொள்ளலாம். இப்படிப் பிழைத்தவர்களுக்கு 'தன் பிழைப்புக்காரர்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருந்தது. அவர்களுக்கென்று ஊர்கள் உண்டாயின. அந்தமானில் முதன்முதலாக வீடு, வேலி, வேலிக்குள் ஒரு முருங்கை, ஒரு வாழைக்கட்டை என்று வைத்துக்கொண்டவர்கள் அவர்கள்தான். சிறையை ஆண்டவர்கள் வரலாற்றைச் சிறை முற்றத்தில் எழுதினார்கள். சிறையிலிருந்து வெளியே வந்தவன் வேலியில்தான் எழுதினான்.

வேலிக்கு உள்ளே போகாதவன் சாப்பிட்டது என்ன? 1909இல் செல்லுலார் சிறைக்கு வந்த வங்காளத்துப் பரீந்திர குமார் கோஷ் தன் சிறை நினைவுகளில் அன்றாடம் தட்டில் விழுந்த சேப்பங்கீரையை நொந்துகொண்டு எழுதியிருக்கிறார். சேம்பு இங்கே சாக்கடை ஓரத்தில்கூட வளரும். அறுக்க ஆள் இருந்தால் போதும், பயிரிட ஆள் வேண்டாம். நல்ல புளி விட்டுச் சமைக்காவிட்டால் நாக்கும் தொண்டையும் அரிக்கும் என்பது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். சிறைச் சமையலில் அந்தப் பக்குவத்தை எதிர்பார்க்க முடியுமா?

இன்னொரு ஆள் சொல்லத்தக்கவர், கிறிஸ்டபர்ஸ் என்ற மலேரியா ஆய்வாளர். 1912இல் அவர் வெளியிட்ட அறிக்கை, இங்கே காய்ச்சலைப் பரப்புகிற கொசு உப்பு நீர்ச் சதுப்பில் பெருகுவது என்று காட்டியது. அதற்கு முன் மலேரியாவுக்கு எதையெல்லாமோ காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாவம், எத்தனை வாழைமரத்தின்மேல் பழி விழுந்ததோ! என்றாலும் மழை விட்டதும் தேங்காய்த் தொட்டியைக் கவிழ்த்து வை, மட்டையில் தண்ணீர் நிற்க விடாதே என்கிற பழக்கம் இங்கே கொல்லை வேலையோடு ஒட்டிக்கொண்டது. டெங்கு வந்தபின் அதன் அருமை தெரிகிறது.

1921க்குப் பிறகு ஆட்கள் வரத்து மாறியது. மலபாரிலிருந்து மாப்பிள்ளைமார், 1925இல் பர்மாவிலிருந்து கரேன் மக்கள், அடுத்து வட இந்தியாவிலிருந்து பாட்டு சமூகத்தார். வந்தவர்கள் வெறும் கையோடு வரவில்லை என்று ஒவ்வொரு கொல்லையும் சொல்லும். நம் வீடுகளில் ரசத்துக்குப் போடுகிற பர்மா தனியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். பல் பல்லாக நீண்ட இலை, கொத்தமல்லியைவிட மூன்று மடங்கு வாசனை. மழைக்கு நிஜக் கொத்தமல்லி அழுகும், இது அழுகாது. பெயர் பர்மா, பிறப்பு என்னவோ அமெரிக்கக் கண்டம். பப்பாளி, கொய்யா, மிளகாய், மரவள்ளி, சர்க்கரைவள்ளி எல்லாமே அந்தக் கண்டத்துச் சரக்குதான். பரங்கிக்காய்க்குப் பெயரிலேயே ஊர் தெரிகிறது. இந்தத் தீவில் அயலான் யார் என்ற பேச்சு அவ்வப்போது கிளம்புகிறது. கிளப்புகிறவர் வீட்டுக் குழம்பை ஒரு தடவை எட்டிப் பார்க்கலாம்.

இனி நான் சொல்லவந்த இடத்துக்கு வருகிறேன்.

1979இல் நான் குடிவந்த வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஓர் அம்மாள் இருந்தார். ஜங்லிகாட்டில் எல்லாரும் அவரை 'நானி' என்றே கூப்பிடுவார்கள். இந்தியில் அம்மாவைப் பெற்றவள். அவருடைய பாட்டனார் சென்னை மாகாணத்திலிருந்து வந்த கைதி, பாட்டி வடக்கத்திக் கைதி. பேச்சு அந்தமான் இந்தி. கோபம் வந்தால் மட்டும் இரண்டு தமிழ் வசவு வரும், அது பாட்டன் சொத்து. எனக்குக் கொல்லை வேலை கற்றுக்கொடுத்தவர் அவர். உழவன் வீட்டுப் பிள்ளைக்கு வேறு ஒருவர் கற்றுக்கொடுக்க வேண்டுமா என்று நினைக்கலாம். வந்தவாசி மண் வேறு, இந்த மண் வேறு. இரண்டு வருஷம் என் பந்தல் புயலில் விழுந்த பிறகுதான் நான் வாயை மூடிக்கொண்டு அவர் சொல்வதைக் கேட்டேன்.

வெயில் காட்டுகிற முதல் நாள் பந்தல். பிஞ்சு, நடுக்காய் எல்லாவற்றையும் அறுத்துவிட வேண்டும். கொடிக்கு இரண்டு காய் மட்டும் விதைக்கு. அதுவும் கடைசியில் காய்த்த சூம்பல் காயை விதைக்கு விட்டால் ஏசுவார். நடுப்பருவத்தில் காய்த்த நல்ல காய்க்கு ஆடி மாதமே ஒரு துணிக் கிழிசலைக் கட்டி அடையாளம் வைத்திருக்க வேண்டும். பிள்ளைகள் தெரியாமல் பறித்துவிடக் கூடாது என்பதற்குத்தான் சிவப்புத் துணி. முற்றி நெற்றானதும் விதையைச் சாம்பலில் புரட்டி அடுப்புக்கு மேலே புகை படும்படி தொங்கவிடுவார். இங்கே காற்றிலேயே தண்ணீர் இருக்கிறது. சும்மா டப்பாவில் போட்டு வைத்த விதை மாசிக்குள் பூஞ்சை பிடித்துவிடும். காஸ் அடுப்பு வந்தபின் எங்கள் வீட்டில் புகை போச்சு. இப்போது விதைக்கு வாங்குகிற மருந்துக் கடைப் புட்டிதான்.

இரண்டாம் நாள் வாழை. காய்ந்த சருகை உரித்து, தாருள்ள மரத்துக்கு மூங்கில் முட்டு. ஒரு மரத்துக்கு ஒரு பக்கக்கன்று போக மற்றதை எடுத்துவிடுவது. மூன்றாம் நாள் உதிர்ந்த கொய்யா, சப்போட்டா பொறுக்குவது. அழுகிய பழம் ஒன்று கிடந்தால் அடுத்த பருவத்துப் பழமெல்லாம் புழு. பிறகு வாய்க்கால். கடைசியாக, பந்தல் காலை ஆட்டிப் பார்த்து, ஆடுகிறதைப் பிடுங்கிப் போடுவது. 1891 நவம்பர் புயலில் 'எண்டர்பிரைஸ்' என்ற அரசாங்கக் கப்பல் சவுத் பாயிண்டில் மோதி உடைந்தபோது, பெண் கைதிகள் கைகோத்து அலைக்குள் இறங்கி உயிர் தப்பியவர்களைக் கரை சேர்த்தார்கள் என்பது இங்கே பெயர் பெற்ற சம்பவம். நானி அதைத் தன் பாட்டியே போய் இழுத்த மாதிரிச் சொல்வார். பந்தலை அவிழ்க்காதவனைப் பயமுறுத்த அது போதும்.

இதிலெல்லாம் எனக்குச் சங்கடமில்லை. சங்கடம் வேறு இரண்டில் வந்தது. மழைக்கால நான்கு மாதமும் எங்கள் சமண வழக்கத்தில் கீரை கூடாது, இலையடியில் சிற்றுயிர் இருக்கும் என்று. அந்த நான்கு மாதம்தான் கொல்லையில் முளைக்கீரையும் கொடிப்பசலையும் மதமதவென்று வளரும். அறுத்து அறுத்து அக்கம்பக்கம் கொடுப்போம். "இந்த நயினார் வீட்டில் பயிர் வைப்பதே அடுத்தவன் சாப்பிட" என்று நானி கேலி செய்வார். அது போகட்டும். இரண்டாவது, கிழங்கு. மண்ணுக்குள் விளைவதை நாங்கள் தொடுவதில்லை. செடியை வேரோடு கொல்ல வேண்டும், கிழங்கு ஒன்றுக்குள் எண்ணற்ற உயிர் என்பது ஆகமம். கடையில் வெங்காயம், உருளை மூட்டை மூட்டையாக விற்கிறேன், வீட்டுக்குள் வராது. இதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் அபர்தீனில் இல்லை.

முதல் வருஷம் நானி என் வேலியோரமாக அவர் பக்கத்திலிருந்து சர்க்கரைவள்ளிக் கொடியைப் படரவிட்டார். நான் வேண்டாம் என்றேன், காரணமும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். மறுநாள் பார்த்தால் என் பக்கத்திலேயே ஒரு வரிசை நட்டிருந்தார். "நீ திங்காதே. யார் திங்கச் சொன்னது? அது மண்ணுக்குள்ளேயே இருக்கட்டும்" என்றார். புரட்டாசியில் எல்லாக் கொல்லையையும் சுத்தம் செய்கிற மனுஷி அந்த ஒரு வரிசையை மட்டும் தொட விடமாட்டார். கொடியின் நுனியை மட்டும் கிள்ளி ஐப்பசி நடவுக்கு எடுத்துக்கொள்வார். காரணத்தை உடனே சொல்லவில்லை. வருஷக் கணக்கில் துண்டு துண்டாகச் சொன்னார்.

1942 மார்ச் 23ஆம் தேதி ஜப்பானியப் படை எதிர்ப்பில்லாமல் போர்ட் பிளேரில் இறங்கியபோது நானிக்குப் பன்னிரண்டு வயது. மூன்றரை ஆண்டு அவர்கள் ஆட்சி. தொடக்கத்தில் நல்ல முகம் காட்டினார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. பிறகு ஒற்றன் என்று பிடித்துச் சித்திரவதை. டாக்டர் திவான் சிங் 1944 ஜனவரி 14இல் செல்லுலார் சிறையிலேயே இறந்தார். அதே மாதம் 30ஆம் தேதி ஹம்ப்ரிகஞ்சில் 44 பேரைச் சுட்டார்கள். நேதாஜி 1943 டிசம்பர் 30இல் கொடியேற்றிப் போன பிறகு, ஆசாத் இந்து அரசின் சார்பில் தலைமை ஆணையராக வந்தவர் நம் தமிழர், ஆற்காடு துரைசாமி லோகநாதன். கையில் கொடுத்த அதிகாரம் என்னவென்று பார்த்தால் கல்வித் துறை போலச் சொற்பம்தான். உடல் நலிந்து அந்த 1944க்குள்ளேயே தீவைவிட்டுப் போனார்.

இவை நூல்களில் இருப்பவை. பசியைப் பற்றி நூல்களில் குறைவு. நேச நாட்டுக் கப்பல்களும் விமானங்களும் கடலை அடைத்துவிட்டன. பர்மா அரிசியும் வரவில்லை, கல்கத்தா அரிசியும் வரவில்லை. படைக்கும் சோறு வேண்டும், ஊருக்கும் வேண்டும். ஊராரைப் பிடித்து விமானதளத்துக்கு மண் சுமக்க வைத்தது ஒரு பக்கம்; சர்க்கரைவள்ளியும் மரவள்ளியும் பயிரிட வைத்தது மற்றொரு பக்கம். வீட்டுக் கொல்லை வீட்டுக்காரனுக்குச் சொந்தமில்லாமல் போனது. நானி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பந்தல்ல தொங்கறதை எண்ணிட்டுப் போவாங்க. மரத்துல இருக்கிற தேங்காயை எண்ணிட்டுப் போவாங்க. நாளைக்கு ஒண்ணு குறைஞ்சா அடி. மண்ணுக்குள்ள இருக்கிறதை எவன் எண்ணுவான்? எங்கம்மா ராத்திரியில விரலாலேயே தோண்டி ஒரு கிழங்கு எடுப்பா. கொடி வாடாம மண்ணைத் திரும்ப மூடுவா."

கொடி வாடாமல் கிழங்கு எடுப்பது. நாற்பது வருஷம் கொல்லை வேலை செய்த எனக்கு அது இன்றும் வராது.

1945 ஆகஸ்டில், போர் முடியப்போகிற நாட்களில், வேலைக்கு ஆகாதவர்கள், உணவுக்குப் பாரமானவர்கள் என்று கருதப்பட்ட பல நூறு பேரைப் படகுகளில் ஏற்றினார்கள். ஆளில்லாத தீவில் கொண்டுபோய் விடுகிறோம், அங்கே பயிர் செய்து பிழைக்கலாம் என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். ஹேவ்லாக் தீவுக்கு அருகில் இருட்டில் கடலில் தள்ளினார்கள். பெரும்பாலோர் மூழ்கினார்கள்; கரை ஏறியவர்களில் பலர் அங்கே பட்டினியில் செத்தார்கள். பிழைத்தவர்கள் விரல்விட்டு எண்ணும்படிதான். நானியின் சிற்றப்பா அந்தப் படகில் போனவர். பயிர் செய்யத்தானே போகிறோம் என்று வீட்டு மண்வெட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டு போனாராம். இதை நானி என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார், வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தபோது. சொல்லிவிட்டு என் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கி அவரே வெட்டத் தொடங்கினார்.

1941 கணக்கெடுப்பில் அந்தமான் நிக்கோபாரில் 33,768 பேர். 1951இல் 30,971. போர் முடிந்து ஊர் திரும்பிப் போனவர்களும் அந்தக் குறைவில் அடக்கம்தான். இருந்தாலும் அந்தப் பத்தாண்டில் நாடு முழுதும் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஒரு ஐயம் எனக்கு நெடுநாள் இருந்தது. எங்கள் ஆகமம் விலக்கிய பொருள் இத்தனை உயிரைக் காப்பாற்றியிருக்கிறதே என்று. ஊருக்குப் போனபோது எங்கள் பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். அவர் நேராகப் பதில் சொல்லாமல், "நீ அந்தக் கிழங்கைத் தின்றாயா?" என்றார். இல்லை என்றேன். "பிடுங்கிப் போட்டாயா?" இல்லை. "பிறகென்ன" என்று எழுந்து போய்விட்டார்.

போருக்குப் பின் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம், நம்மில் பலர் கண்ணால் பார்த்தது. 1949 முதல் கிழக்கு வங்காள அகதிகள் வந்தார்கள். அடுத்து கேரளம், தமிழ்நாடு, பிற மாநிலக் குடும்பங்கள். 1970களில் இலங்கையிலிருந்து திரும்பிய நம் மலையகத் தமிழர் கச்சால் தீவு ரப்பர் தோட்டத்துக்கு. 2018இல் ஷாகீத் தீவு என்று பெயர் மாறிய நீல் தீவுதான் இன்று நமக்குக் காய்கறிக் களஞ்சியம். அதை ஆக்கியது வங்காளக் குடும்பங்களின் கை. 1978இல் கராச்சர்மாவில் மத்திய வேளாண் ஆராய்ச்சி நிலையம் வந்தது. 2011 கணக்கில் மக்கள் 3,80,581. இவ்வளவு பேருக்குக் கொல்லையால் மட்டும் கட்டாது. சென்னையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் மூட்டை வந்தாக வேண்டும். எனக்கு அதுதான் பிழைப்பு, ஆகவே குறை சொல்லமாட்டேன். கப்பல் இரண்டு தவறினால் தக்காளி என்ன விலை விற்றேன் என்பதை மட்டும் இந்த மலரில் எழுதாமல் விடுகிறேன்.

வந்தவர்களோடு வேண்டாத விருந்தாளிகளும் வந்தார்கள். ஆங்கிலேயர் 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் வேட்டைக்கென்று புள்ளிமானைக் கொண்டுவந்து விட்டார்கள். அதைத் தின்கிற புலி சிறுத்தை இங்கே இல்லை. தீவுக்குத் தீவு நீந்திப் போகிறது, கிராமத்துக் கொல்லைகளில் நாற்றைக் கடித்துவிட்டுப் போகிறது. எங்கள் ஜங்லிகாட்டில் மான் இல்லை, நத்தை இருக்கிறது. கைப்பிடி அளவு ஆப்பிரிக்க நத்தை. ஜப்பானியர் காலத்தில் வந்தது என்றே வழிவழியாகச் சொல்கிறார்கள். மழை இரவில் பப்பாளி நாற்று ஒரு வரிசையை விடியுமுன் முடித்துவிடும். எல்லாரும் உப்பைக் கொட்டிக் கொல்வார்கள். எனக்குக் கை வராது. வாளியில் பொறுக்கிக்கொண்டுபோய் ஊருக்கு வெளியே காட்டோரம் விட்டுவந்தேன், பல வருஷம். ஆராய்ச்சி நிலையத்து நண்பர் ஒருவர் இதைக் கேள்விப்பட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்: "நீங்க கொல்லாம இருக்கிறதா நினைச்சு ஒரு காட்டையே அதுக்குத் தின்னக் கொடுக்கிறீங்க." அதற்குப் பிறகு காட்டுக்குக் கொண்டுபோவதை நிறுத்தினேன். பாத்தியைச் சுற்றிச் சாம்பலும் சுண்ணாம்பும் தூவுகிறேன். மழை கழுவிவிடுகிறது, திரும்பத் தூவுகிறேன். நானி வீட்டு வாத்துகள் வேலி தாண்டி வந்தால் விரட்டுவதில்லை. இதற்குமேல் என்னைக் கேட்காதீர்கள்.

2004 டிசம்பர் 26. கடல் எங்கள் தெருவுக்குள் வந்து கொல்லையில் இடுப்பளவு நின்று வடிந்தது. நிலநடுக்கத்தில் தென் அந்தமான் தரையே ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்துபோனது. சிப்பிகாட்டில் நெல் விளைந்த வயல்களில் அன்றிலிருந்து கடல் நீர் ஏறி இறங்குகிறது. அந்தப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் ஏரி என்று நினைப்பார்கள். எங்கள் மேட்டுக் கொல்லைக்கு அந்தக் கதி இல்லை. ஆனால் அடுத்த புரட்டாசியில் அறுக்க ஒன்றுமே இல்லை. எலுமிச்சை, பப்பாளி, கறிவேப்பிலை எல்லாம் நின்றபடி காய்ந்தன. தென்னை மட்டும் அசையவில்லை. நானி வந்து மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார். "ரெண்டு மழை" என்றார். ரெண்டு மழைக்காலம். அவர் கணக்கு சரியாகவே இருந்தது. மழை உப்பைக் கழுவிக்கொண்டு போனது. வேலியோர வரிசைக்கு எங்கிருந்தோ கொடித்துண்டு வாங்கிவந்து தன் கையாலேயே மறுபடி நட்டார். அப்போது அவருக்கு எழுபத்தைந்தைத் தாண்டியிருந்தது. சில வருஷத்தில் போய்ச் சேர்ந்தார்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து பயணக் கப்பல் நின்றபோது, எங்கள் தெருவில் ஒரு கட்டட வேலைக்கு வந்து மாட்டிக்கொண்ட வடக்கத்திப் பையன்கள் ஏழு பேர் இருந்தார்கள். கடையிலிருந்து அரிசி, பருப்பு கொடுத்தேன். கறிக்கு ஏதாவது இருக்கா சேட் என்று ஒருவன் கேட்டான். இங்கே சமணன் என்றாலே சேட்தான், தமிழன் என்று சொன்னால் நம்பமாட்டார்கள். வேலியோரத்தைக் காட்டினேன். நாற்பது வருஷத்தில் அந்த வரிசையை முதன்முதலாக அன்றுதான் என் பக்கத்தில் வெட்டினார்கள். நான் வீட்டுக்குள் போய்விட்டேன், பார்க்கவில்லை. சாயங்காலம் வந்து பார்த்தபோது, கொடியின் நுனிகளை ஒதுக்கி வைத்து ஒருவன் திரும்ப ஊன்றியிருந்தான். அவனும் எங்கோ ஓர் உழவன் வீட்டுப் பிள்ளையாக இருக்க வேண்டும்.

2024 செப்டம்பரில் நம் ஊர்ப்பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறியது. கடைப் பலகையை மாற்றி எழுதினேன். பிள்ளைகள் இருவரும் சென்னையில் இருக்கிறார்கள், வீட்டை விற்றுவிட்டு வந்துவிடுங்கள் என்கிறார்கள். அடுக்குமாடியில் மூன்றாவது மாடி, பால்கனியில் நான்கு தொட்டி வைக்கலாமாம். பார்க்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இந்தப் புரட்டாசியில் ஆறு நாள் வெயில் கிடைத்தது. பந்தலை அவிழ்த்தாயிற்று. சிவப்புத் துணி கட்டிய புடலை இரண்டும் பழுத்து வெடிக்கிற பதத்தில் இருக்கின்றன. நேற்று நானியின் பேத்தி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "மாமா, எங்க வரிசை நத்தை தின்னு போச்சு, கொடி தர்றீங்களா?" என்று கேட்டாள். நாலைந்து கணு வரும்படி, முக்கால் அடி நீளத்துக்கு இருபது துண்டு வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுத்தேன். ஐப்பசி பிறந்ததும் நடுவாள்.